தடித்த கம்பி

முதல் அடி தாடையில் விழுந்தது. அடித்தது இரும்புக் குழாய். பள்ளிக்கூட ஆய்வகத்து மேசைகளுக்குக் கால் வெட்டியபோது மிஞ்சிய துண்டு, ஒரு கை நீளம் இருக்கும். அதைச் சுவரோரம் சாத்தி வைத்ததே நான்தான். கறிக்கடைக்காரர் அதை எடுத்ததும் வீசியதும் ஒரே மூச்சில் நடந்தது. மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எலெக்ட்ரீசியன் தோள்பையோடு தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து டெஸ்டரும் குறடும் ஒரு சுருள் ஃபியூஸ் கம்பியும் உருண்டு வெளியே வந்தன.

அடிப்பதற்கு முன்னால் கறிக்கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்த ரூமுக்குக் கரண்ட் வேலை பாத்தது யாரு?"

"நான்தாங்க. என்ன ஆச்சு?" என்றார் எலெக்ட்ரீசியன். அப்போதுதான் ஆய்வக வாசலுக்குள் கால் வைத்திருந்தார். என்ன நடந்தது என்றே தெரியாமல் ஒத்துக்கொண்டார், பாவம்.

இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அடியைத் தடுக்க அவர் வலது கையைத் தூக்கினார். குழாய் மணிக்கட்டில் இறங்கியது. கை தொங்கிப் போய்த் தரையில் விழுந்தது. கறிக்கடைக்காரர் செருப்புக் காலை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

"இந்தக் கையாலதான வயர் மாட்டுன? என் புள்ள கை கருகிப் போச்சுடா. இந்தக் கை உனக்கு எதுக்கு?"

வாய் நிறைய ரத்தத்தோடு எலெக்ட்ரீசியன் என்னவோ சொல்ல முயன்றார். தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டிருந்ததால் வார்த்தை வரவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் குழந்தைக்குக் கரண்ட் அடித்துவிட்டது என்று கேட்டு ஓடி வந்தவர்கள். வேறு யாரும் இல்லை, எல்லாம் எங்கள் ஆட்கள்தான். போன மாதம் இதே அறைக்கு மேசை சுமந்தவர்கள், வெள்ளையடித்தவர்கள், ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டவர்கள். அந்தக் கண்ணாடிக்காரர்தான் முதல் கல்லை எறிந்தார். தான் போட்ட கண்ணாடியைத் தானே உடைப்பதில் அவருக்கு என்ன நிம்மதியோ தெரியவில்லை. பிறகு நாற்காலி பறந்தது. மைக்ராஸ்கோப்பை ஒருவன் தரையில் போட்டு மிதித்தான். சுவரில் மாட்டியிருந்த படங்களைக் கிழித்தார்கள். கிழிக்க ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் எல்லோரும் எலெக்ட்ரீசியன் பக்கம் திரும்பினார்கள். ஆளுக்கொரு உதை.

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே வார்த்தை. அவரில்லை, நான்தான். மோட்டார் சுற்றும் கடை வைத்திருக்கிறேன், எல்லோரும் என்னை மோட்டார் அக்கா என்பார்கள். என் வாய்க்குப் பயந்து வாடிக்கையாளர்கள் மோட்டாரைக் கொடுத்துவிட்டு எப்போது தருவாய் என்று கேட்காமலே போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்ட வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. கீழே கிடந்தவர் கால்களுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதவின் மேல் அறிவியல் ஆய்வகம் என்று பெயர்ப் பலகை, உள்ளே உடைந்த பெஞ்சுகளும் எலிப் புழுக்கையும். அறிவியல் வாத்தியார் வேலை மூன்று வருடமாகக் காலி. யாரையாவது அனுப்புங்கள் என்று தலைமை ஆசிரியை எழுதி எழுதிக் கை ஓய்ந்து, கடைசியில் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். "புத்தகத்துல இருக்கறதை நான் படிச்சுக் காட்டிடுவேன். செஞ்சு காட்ட ஆள் இல்ல. நீங்க தினமும் செய்யறதுதானே, வந்து செய்யுங்க" என்றார். முதலில் சிரித்தோம். பிறகு எலெக்ட்ரீசியன் போய் இலவசமாக வயரிங் செய்து கொடுத்து, முதல் பாடத்தையும் எடுத்தார். அவரைப் பார்த்து ஆஸ்பத்திரி லேப்காரர் பழைய மைக்ராஸ்கோப்போடு போனார். பிறகு ஃபிரிட்ஜ் மெக்கானிக், வெல்டர், நான். சனிக்கிழமைக்கு ஒருவர். கறிக்கடைக்காரர்கூட ஒரு மாட்டு இதயத்தை எடுத்துக்கொண்டு போய் வெட்டிக் காட்டினார். அவருடைய இரண்டு பெண்களும் அந்தப் பள்ளிக்கூடம்தான். அப்பா பாடம் எடுக்கிறார் என்று அன்றைக்குப் பெண்கள் இரண்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன.

மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. கேள்வி என்று நான்தான் பட்டப்பெயர் வைத்தேன். வாயைத் திறந்தால் ஏன், எதற்கு. சின்னவளுக்குப் பத்து வயது, வீட்டில் பாப்பா. எல்லாவற்றையும் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பாள்.

நான் கற்றுக்கொடுத்தது அளப்பது. கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரால் எப்படி அளப்பது என்று காட்டினேன். மூன்று தடவை அள, மூன்றையும் எழுது, அதற்கப்புறம் வாயைத் திற என்று கத்திக் கத்திச் சொன்னேன். பிள்ளைகள் என்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே சனிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தேன். இதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடிதடி நடந்த அன்றைக்குப் பெற்றோர்களை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். பிள்ளைகளே மூன்று வாரமாகக் கம்பி சுற்றிச் செய்த மின்காந்தம் கறிக்கடைக்காரர் கொடுத்த பத்துக் கிலோ எடைக்கல்லைத் தூக்கப் போகிறது. காயிலுக்கு எண்ணூறு சுற்று. ஒவ்வொரு சுற்றையும் சத்தமாக எண்ணினார்கள். எலெக்ட்ரீசியன் காலையிலேயே போன் செய்தார். "ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன். மூணரைக்கு வந்துடுவேன். நான் வர்ற வரைக்கும் ஸ்விட்சைப் போடாதீங்க அக்கா."

மூன்று மணிக்கு நான் ஸ்விட்சைப் போட்டேன்.

ஃபியூஸ் போனது. அது ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் உருகி அறுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். சாவதற்கென்றே மாட்டி வைத்த கம்பி. வராந்தாவில் இருந்த பெட்டியைத் திறந்து, எலெக்ட்ரீசியன் வைத்துவிட்டுப் போயிருந்த கம்பியில் ஒரு துண்டு மாட்டினேன். மறுபடியும் போனது. அவர் வைத்திருந்த கம்பியும் தீர்ந்தது. அறைக்குள் முப்பது முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா, ஏன் போகுதுன்னு காயிலைப் பிரிச்சுப் பாக்க வேணாமா?" என்றாள் கேள்வி.

"சும்மா இரு. இருபது வருஷமா இதே வேலைதான் பாக்கறேன்" என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேலை நெருக்கும்போது ஃபியூஸ் போனால் ஏன் போனது என்று யாரும் பார்ப்பதில்லை. மோட்டார் சுற்றும் தடித்த செப்புக் கம்பியில் ஒரு சாண் வெட்டி, பிளேடால் மேல்வார்னிஷைச் சுரண்டி, முறுக்கி மாட்டிவிடுவோம். அது லேசில் அறுந்து போகாது. வேலை முடிந்துவிடும். கருகினால் மோட்டார்தான் கருகும், அதை மறுபடி சுற்றிக் கொடுக்கவும் நாம்தானே இருக்கிறோம். என் சட்டைப் பையில் எப்போதும் அந்தக் கம்பி ஒரு துண்டு இருக்கும். தனியாக வராந்தாவுக்குப் போனேன், மாட்டினேன், உள்ளே வந்தேன். காந்தம் உம்மென்று உறுமியது. எடைக்கல் டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் தூக்கறேன், நான் தூக்கறேன்" என்று பாப்பா முன்னால் வந்து காந்தத்தின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தாள்.

காயிலின் உள்ளே எங்கேயோ இரண்டு சுற்று ஒட்டியிருந்திருக்கிறது. மெல்லிய ஃபியூஸ் இரண்டு தடவை அதைத்தான் சொல்லிவிட்டுச் செத்தது. தடித்த கம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. வார்னிஷ் கருகும் வாடை வந்தது. எனக்கு மூக்குப் பழகிப்போன வாடைதான், ஆனால் நான் நகர்வதற்குள் கரண்ட் இரும்புக்கு வந்துவிட்டது. பாப்பாவின் அலறல் பாதியில் நின்றது. உடம்பு விறைத்தது. கை கைப்பிடியை விடவில்லை, விடவும் முடியாது. கைப்பிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் நெருப்பு பொரிந்தது. நான் போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். என்னையும் தூக்கிச் சுவரில் அடித்தது. பல்லெல்லாம் கிட்டித்துப் போய்ப் படுத்துக் கிடந்தேன். கறி வேகும் நாற்றம். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தும் மூக்கைப் பொத்தக் கை வரவில்லை.

திடீரென்று உறுமல் நின்றது. பாப்பா பொத்தென்று விழுந்தாள். கடைசியில் அந்தக் கம்பியும் அறுந்துவிட்டது, புண்ணியமாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

லேப்காரரும் தலைமை ஆசிரியையும் அவளை வண்டியில் ஏற்றும்போது எதிரே வந்த கறிக்கடைக்காரர் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார். மனைவியை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்தார். பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். எலெக்ட்ரீசியனுக்குத் தாடை இரண்டு இடத்தில் முறிவு, பல்லைச் சேர்த்துக் கம்பி போட்டு வாயைக் கட்டிவிட்டார்கள். மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. மூன்று விலா எலும்பு. போலீஸ் வந்து தெரு முழுக்க விசாரித்தது. எல்லோரும் பின்னால் நின்றதாகவே சொன்னார்கள். அவ்வளவு பேர் பின்னால் நின்றால் முன்னால் நின்றது யார் என்று போலீஸ்காரர் கேட்டார். எலெக்ட்ரீசியனிடம் காகிதத்தை நீட்டியபோது அவரும் எதுவும் எழுதித் தரவில்லையாம்.

அவர் எழுதித் தரவில்லை என்பது எனக்கு அடி வாங்குவதைவிட மோசமாக இருந்தது. அவருக்குத் தெரியும். தான் மாட்டிய ஃபியூஸ் இருந்திருந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று அந்த ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் திரும்பிவிட்டேன்.

கறிக்கடைக்காரர் கடையைத் திறந்தார், கறி வெட்டினார், வருகிற எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார். "ரெண்டு விரலுக்கு ரெண்டு விரல். கட்டுப் பிரிச்சு வெளிய வரட்டும். மணிக்கட்டு தன்னால கூடிடும். விரல் கூடாது." அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள். அவர் கத்தி எலும்பில் இறங்கும் சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும். ஒவ்வொரு தடவையும் என் விரல்கள் தானாக மடங்கின. என் பிழைப்பே இந்தப் பத்து விரல்தான். எலெக்ட்ரீசியனுக்கும் அப்படித்தான் என்பதை நினைக்காமல் இருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கேள்வி கடைக்குள் வந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, கையில் நோட்டு.

"அக்கா, மைக்ரோமீட்டர் வேணும். ஸ்கூல்ல இருந்ததை உடைச்சிட்டாங்க."

"எதுக்கு?"

"ஒண்ணு அளக்கணும்."

எடுத்துக் கொடுத்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இரண்டு கம்பி. ஒன்று, எலெக்ட்ரீசியன் பையிலிருந்து உருண்ட சுருளில் ஒரு துண்டு, வெள்ளையாக, முடிபோல மெல்லிசாக. இன்னொன்று என்னுடையது. இரண்டு முனையும் ஸ்க்ரூவில் அழுந்தி வளைந்து, முழுசாக, கறுத்துப் போய் இருந்தது. ஒரு முனையில் நான் சுரண்டாமல் விட்ட வார்னிஷ் சிவப்பாக மின்னியது.

அவள் அளந்தாள். திருகினாள், டிக் டிக் என்று கேட்டதும் நிறுத்தினாள், வாசித்தாள், எழுதினாள். தளர்த்தி, கம்பியைத் திருப்பி, மறுபடி. நான் எப்படிச் சொல்லிக் கொடுத்தேனோ அப்படியே. மெல்லிசு, பாயிண்ட் ரெண்டு ஒண்ணு மில்லிமீட்டர். மூன்று தடவை. தடித்தது, பாயிண்ட் ஒன்பது ஒண்ணு. மூன்று தடவை.

"பெட்டியில இருந்தது இதுதான். கரண்ட் மாமா வாங்கற கம்பி இது இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து, சுவரில் கம்பிச் சுருள்கள் மாட்டியிருக்கும் பக்கம் போனாள்.

நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். பிடித்து முறுக்கினேன். மோட்டார் தூக்கித் தூக்கி உரமேறிய கை என்னுடையது. "குடு அதை" என்றேன். "குடுடி." அவள் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டாள். எலும்பு என் பிடிக்குள் வழுக்கியது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் ஒடியும் என்று எனக்குத் தெரிந்தது. ஒடிந்தால் ஒடியட்டும் என்றும் தோன்றியது. அவள் கத்தவில்லை. மடக்கிய விரலைத் திறக்கவும் இல்லை.

"அக்கா, இது நான் எழுதற கை" என்றாள்.

விட்டுவிட்டேன். தங்கையின் கையைப் பொசுக்கியது போதாதென்று அக்காவின் கையையும் ஒடிக்கப் பார்த்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. அவள் சிவந்த மணிக்கட்டைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். மூன்றாவது சுருளில் ஒரு முனையை இழுத்தாள். வலிக்கிற கையால் திருகியதில் முதல் தடவை அளவு சரியாக வரவில்லை. எழுதியதை அடித்துவிட்டு மறுபடி அளந்தாள். பாயிண்ட் ஒன்பது ஒண்ணு. மூன்று தடவை.

"நீங்க வராந்தாவுக்குப் போனதை நான் பாத்தேன். ஆனா என்ன மாட்டுனீங்கன்னு பாக்கல. அளக்காம சொல்லக் கூடாதுல்ல" என்றாள். பிறகு நோட்டை மூடினாள். "நாளைக்கு மாமாவை வீட்டுக்கு அனுப்பறாங்களாம். அப்பா காலையிலேர்ந்து கத்தி தீட்டறார். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கறிக்கடையில் கூட்டம் இல்லை. கொக்கியில் ஒரு தொடை தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டுக் கட்டையை அவர் உப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் நிமிர்ந்தார். நான் கம்பியைக் கட்டை மேல் வைத்தேன். பக்கத்தில் என் வலது கையை வைத்தேன்.

"அவர் கையை விட்டுடுங்க. நீங்க தேடற கை இது. ஃபியூஸைக் கழட்டிட்டு இந்தக் கம்பியை மாட்டினது நான்தான்."

அவருக்கு விளங்கச் சிறிது நேரம் ஆனது. மகளைப் பார்த்தார். அவள் நோட்டைப் பிரித்து, வகுப்பில் வாசிப்பதுபோல் ஒன்பது அளவையும் வாசித்தாள். அவர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"நான் அவனை அடிச்சப்ப நீ அங்கதான நின்ன?"

"நின்னேன்."

"கதவுகிட்ட."

"ஆமா."

"வாயைத் திறக்கல."

"திறக்கல."

என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக் கட்டையில் அழுத்தினார். கத்தியைத் தூக்கினார். இறக்கும்போது கையைத் திருப்பிவிட்டார் போலிருக்கிறது, கூர்ப்பக்கம் மேலே போனது. கத்தியின் முதுகு என் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இறங்கியது. ஓடு உடைவதுபோல் சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது, வந்ததும் சரிந்தேன். கட்டையில் மோவாய் இடித்துத் தொங்கினேன். அவர் கையை விடவில்லை. கத்தி மறுபடி மேலே போனது. இந்தத் தடவை கூர்ப்பக்கம் கீழே இருந்தது.

"அப்பா" என்றாள் கேள்வி. அவள் குறுக்கே வந்து விழவில்லை, அழவில்லை. வகுப்பில் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "அக்கா செஞ்சதுக்கு அக்கா கை. மாமாவை அடிச்சதுக்கு யார் கையை வெப்பீங்க?"

கத்தி மேலேயே நின்றது. மனிதருடைய முகம் கோணிக்கொண்டு போனது. பிறகு அவர் கத்தியை இறக்கினார், என் விரலுக்கு நாலு அங்குலம் தள்ளிக் கட்டையில். ஆழமாக இறங்கி நின்றது. என் கையை விட்டுவிட்டு, தன்னுடைய வலது கையை, குழாயைப் பிடித்த கையை, கட்டையில் விரித்து வைத்தார்.

"அடி" என்றார் என்னிடம்.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த நிமிடத்தில் அந்த விரல்களைத் துண்டு துண்டாக நறுக்க வேண்டும்போல் இருந்தது. இடது கையால் கத்தியை இழுத்தேன். கட்டையிலிருந்து அசையக்கூட இல்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றோம், வெட்டத் தெரிந்தவர் கையை நீட்டிக்கொண்டும், வெட்ட முடியாதவள் பிடியைப் பிடித்துக்கொண்டும்.

"ரெண்டு பேரும் கிளம்புங்க" என்று கேள்வி கடைக் கதவை இழுத்து மூடினாள். "அக்கா விரலுக்குக் கட்டுப் போடணும். மாமாகிட்ட சொல்லணும்."

வார்டில் எலெக்ட்ரீசியன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் பாதி இன்னும் கறுப்பாக இருந்தது. கறிக்கடைக்காரரைப் பார்த்ததும் கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டார். நான் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியைப் போர்வை மேல் வைத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது அவருடைய இடது கை என் கன்னத்தில் அறைந்தது. காதுக்குள் நெடுநேரம் ரீங்காரம் கேட்டது. கறிக்கடைக்காரர் தானாகவே தன் முகத்தைக் குனிந்து நீட்டினார். எலெக்ட்ரீசியன் அவரை அடிக்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு அடியே தேவலை என்று கறிக்கடைக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பிறகு எலெக்ட்ரீசியன் எங்கள் பக்கம் திரும்பி அந்தக் கம்பியை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். புருவம் சுருங்கியது. கேள்வியின் நோட்டை வாங்கி, இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் கோணல்மாணலாக எழுதி எங்கள் பக்கம் திருப்பினார்.

இது அறுந்து போகவே இல்லையே. மெயினை அணைத்தது யார்?

நானும் கறிக்கடைக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒன்பது நாளாக அந்தக் கம்பியை நினைத்து நினைத்துச் செத்தவள் நான். மத்தியானம் முழுசாகக் கண்ணால் பார்த்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

"நான்தான் மாமா" என்றாள் கேள்வி. "பாப்பா கத்தினதும் வராந்தாவுக்கு ஓடிட்டேன். அவளைப் பிடிச்சு இழுக்கணும்னுதான் இருந்துச்சு. ஆளைத் தொடாதே, முதல்ல மெயினை அணைன்னு நீங்க முதல் நாளே சொன்னீங்கள்ல. ஸ்விட்ச் எட்டல. பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன். அதான் லேட்டாயிடுச்சு."

கடைசி வார்த்தையில்தான் அவள் குரல் உடைந்தது. அவ்வளவு நாளும் அவள் அதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள், பெஞ்சை இழுக்க ஆன நேரத்தை. இருபது வருடம் கரண்டோடு புழங்கிய நான் குழந்தையைத் தொட்டுச் சுவரில் போய் விழுந்தேன். அந்த நேரத்தில் இவள் ஓடியிருக்கிறாள்.

கறிக்கடைக்காரர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தன் சின்ன மகள் உயிரோடு இருப்பது எதனால் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மூத்தவள் மெயினை அணைக்கக் கற்றுக்கொண்ட அறையைத்தான் அவர்கள் உடைத்தார்கள். அதைச் சொல்லிக் கொடுத்தவரைத்தான் அவர் அடித்தார். வாய்விட்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுதுகொண்டே கையை நீட்டி, கட்டுப் போட்ட அந்த மணிக்கட்டைத் தொடப் போனார்.

எலெக்ட்ரீசியன் கையை இழுத்துக்கொண்டார்.

பிறகு இடது கையால் அந்தக் கம்பியைக் கேள்வியிடம் நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒன்பது அளவும் எழுதியிருந்த பக்கத்தில் வைத்து நோட்டை மூடினாள்.